புதுப்பிப்பு: குத்துச்சண்டையில் என் வலது கைக் குத்தில் வலு வரவில்லை என்று கேட்டிருந்தேனே

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதியிருந்தேன், நினைவிருக்கலாம். வலது நேர்க்குத்து விட்டால் தோள்தான் வலிக்கிறது, தொங்கவிட்ட குத்துப் பை அசையவே மாட்டேன் என்கிறது, டம்பெல் தூக்கினால் சரியாகுமா என்று. பாதிப் பேர் தூக்கச் சொன்னீர்கள், மீதிப் பேர் இடுப்பைப் பார்க்கச் சொன்னீர்கள். இடுப்புக் கட்சிதான் ஜெயித்தது.

மாஸ்டர் கையுறையைக் கழற்றச் சொல்லிவிட்டு, பின்காலில் ஆரம்பித்தார். குதிகால் தரையை விட்டு எழும்பி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். முன்பாதம் பீடியை மிதித்து அணைப்பது போலச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சி முட்டி, இடுப்பு, தோள் என்று ஏறி, கடைசியாகத்தான் முஷ்டிக்கு வரும். அதுவரை கை தளர்வாகவே இருக்கட்டும் என்றார். பையில் படும் நொடியில் மட்டும் இறுக்கிவிட்டு, போன வழியிலேயே உடனே தாடைப் பக்கம் திரும்பிவிட வேண்டும். எனக்குக் கஷ்டமே இந்தத் தளர்வுதான். வேகமாக அடிக்க நினைத்தாலே தோள் தானாக விறைத்துக்கொள்ளும்.

இப்போது பை ஊஞ்சலாடுவதில்லை, ‘டப்’பென்று மடிகிறது. சத்தமே வேறு.

மணிக்கட்டு வலி என்று ஒருவர் கேட்டிருந்தார்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகள்தான் முதலில் பட வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. கையுறைக்குள் கையில் சுற்றும் 4.5 மீட்டர் துணிப் பட்டையை நான் அங்கே கூடுதலாகச் சுற்றுகிறேன்.

டம்பெல்லை அப்படியே விட்டுவிடவில்லை. ஆனால் காலுக்குக் கோட்டை மலைப் படிகளே போதும்.

அப்புறம், ஸ்பாரிங்குக்கு (இன்னொருவரோடு மோதிப் பழகுவதற்கு) 16 அவுன்ஸ் கையுறை வேண்டும். ஓசூரில் எந்தக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கலாம்?