'வேப்பர் லாக்': ஆவியடைப்பா, ஆவிக்கட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

வியாழனுக்குள் பாடத்தாள் அச்சுக்குப் போகவேண்டும். சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புக்கு ஒருவர் தன் பழைய காரை ஓட்டிவருகிறார். பிள்ளைகள் கோளாறு கண்டுபிடிக்கும் பாடம். தமிழ்ச் சொல் முடிவாகாமல் 'வேப்பர் லாக்' ஒன்றுதான் பாக்கி.

கோளாறு இதுதான்: மேடேறிய வண்டி நின்றுபோகிறது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழாகிவிட்டது. பம்பு குமிழைத்தான் இழுக்கிறது. குழாயில் ஈரத்துணி சுற்றி அரைமணி நேரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். தூசி அடைத்திருந்தால் பொழுது சாய்ந்தாலும் கிளம்பாது. அதனால்தான் 'குழாயடைப்பு' வேண்டாம் என்கிறேன்.

> மாரடைப்பு மாதிரி 'ஆவியடைப்பு' போதாதா?

மாரடைப்பில் மார் அடைபடுகிறது. இங்கே ஆவி அடைக்கிறது. 'ஆவியால் அடைப்பு' என மூன்றாம் வேற்றுமையாக விரித்தால் சரி. 'ஆவியை அடைத்தல்' என்று இரண்டாவதாக எடுத்தால் பிரஷர் குக்கர். போதாததற்கு, அதே தாளில் 1907-இன் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டை 'வெள்ளி ஆவி' ஆக்கி வைத்திருக்கிறோம். பேயைப் பிடித்து அடைத்த கதை என்று படிப்பார்கள். இத்தனைக்கும் அந்த வண்டியில் தொட்டிக்குள் காற்றழுத்தம் ஏற்றி பெட்ரோலைத் தள்ளுவார்கள். இந்தக் கோளாறு அதில் குறைவு.

> நீர்க்கட்டு இருக்கிறதே, 'ஆவிக்கட்டு' ஏன் ஆகாது?

அண்ணா, அதற்கு மெக்கானிக் போதாது, மந்திரவாதி வரவேண்டும்.

> வளியடைப்பு. புறநானூறு 66 பார்க்க.

பார்த்தேன் ஐயா. அந்த வளி கப்பல் ஓட்டிய காற்று. பெட்ரோல் ஆவி காற்றல்லவே. 'கெடு' நீண்டு 'கேடு' ஆனதுபோல 'அவி' நீண்டு 'ஆவி' ஆயிற்று என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ரசித்தேன், ஆனால் வெந்து எழுவது ஆவிதான் என்றாகிறதே, அது உங்கள் வளிக்கே எதிர்ச்சாட்சி.

என் பாட்டியிடம் கேட்டிருந்தால் 'வாயுப் பிடிப்பு' என்றிருப்பார். காருக்கு இஞ்சிச்சாறு கொடுக்கலாம். சிரிப்பாக இருந்தாலும் வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் பிள்ளைகளுக்கு மறக்காது. எனக்கு அரை மனசு.

ஜோகன்னஸ்பர்க் உறுப்பினர் வாய் திறக்கவில்லை. ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். கடலோர டர்பனைவிட அவருக்குத்தான் இந்தச் சொல் அவசரம்.

இதுவரை ஆவியடைப்புக்கு நாலு, ஆவிக்கட்டுக்கு இரண்டு, வளியடைப்புக்கு ஒன்று. வேறு பேச்சு இல்லையென்றால் ஆவியடைப்பு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். 'வெள்ளி ஆவி'யை சில்வர் கோஸ்ட் என்றே திருத்திவிடுகிறேன்.

---

அனுப்புங்கள் தம்பி. வளிதான் சரி என்பதில் மாற்றமில்லை. அவி-ஆவி பற்றி நாலாம் பக்கம் நாளை வரும்.