விரிவுரை இல்லாமல் பொருளியல் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கொக்குவில்வாசி:
முதலாம் வருடம், கேள்வியும் நிரம்பலும், அதாவது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள், எவ்வளவு விற்பார்கள் என்ற பாடம். அன்று சேர் ஒரு கோடும் வரையவில்லை. ஆளுக்கொரு அட்டை தந்தார். பாதிப்பேர் வெங்காயம் விற்கவேண்டும், பாதிப்பேர் வாங்கவேண்டும். நான் விற்கும் பக்கம். என் அட்டையில் 'செலவு 90 ரூபாய்', அதற்குக் குறைய விற்றால் நட்டம். கூவிக் கூவித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மூன்றாம் சுற்றில் எல்லோரும் 60, 65 என்று முடித்துக்கொண்டார்கள். வியர்வையில் ஊறிய அட்டையோடு நான் மட்டும் நடுவில் நின்றேன். பிறகுதான் சேர் கேள்விக் கோடும் நிரம்பல் கோடும் வெட்டும் படத்தை வரைந்தார். நிரம்பல் கோட்டில், வெட்டும் புள்ளிக்கு மேலே ஓரிடத்தைத் தொட்டு, "நீர் இங்கே நிற்கிறீர்" என்றார். உயர்தரத்தில் நூறு தரம் வரைந்த படம். அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிலா_சாவகச்சேரி:
எங்களுக்கு எல்லாமே பதிவு செய்த காணொளி. 2022 மார்ச், மின்வெட்டுக் காலம். நெகிழ்ச்சிப் பாடத்தை, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதை, கைப்பேசியில் இறக்கி வைத்து இருட்டில் பார்த்தேன். விலையை ஏற்றினால் விற்பவருக்கு வருமானம் எப்படிக் கூடும்? ஏழு தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்தும் அதே சொற்கள்தான் வந்தன. அந்த நேரம் அப்பா பெற்றோல் வரிசையிலிருந்து வந்தார். 177 ரூபாய் 254 ஆகியிருந்தது. "என்ன விலையென்றாலும் அடிக்கத்தானே வேண்டும் பிள்ளை" என்றார். விடை அதுதான்: விலை ஏறியும் வாங்குவது பெரிதாகக் குறையாவிட்டால் வருமானம் கூடும். ஆனால் சரியா என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

வடமராட்சி_உதவி_விரிவுரையாளர்:
கொக்குவில்வாசி, அட்டை கொடுத்தால் போதும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அதை மறுக்கிறேன். நானும் கொடுத்தேன், மூலைக்கு மூலை இரகசியமாகப் பேரம் பேசினார்கள், விலை கண்டபடி சிதறியது, நேரம் முடிந்துவிட்டது. ஹார்வர்டில் பொருளியலாளர் சேம்பர்லின் இப்படி நடத்திய வகுப்பிலும் விலை சமநிலைக்கு, அதாவது இரு கோடும் வெட்டும் புள்ளிக்கு, வரவில்லை; 1948 இல் அதை வெளியிட்டார். அங்கே மாணவராக இருந்த வேர்னன் ஸ்மித் பிற்பாடு பேரத்தை எல்லோர் காதிலும் விழும்படி மாற்றி, பல சுற்று நடத்தினார். விலை சமநிலையை நெருங்கியது. அது 1962 இல் வெளிவந்தது. 2002 இல் அவருக்கு நோபல் பரிசு. ஆகவே ஆசிரியர்களே, விலையை உரக்கச் சொல்ல வையுங்கள். முடிந்த விலையைப் பலகையில் எழுதுங்கள். அட்டையை மாற்றாமல் மூன்று சுற்றாவது விடுங்கள். காணொளியை வீட்டுக்குக் கொடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வகுப்பு நேரம் நிலாவுக்கு வந்தது போன்ற கேள்விகளுக்கு இருக்கட்டும்.

கொக்குவில்வாசி:
சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை விலைகளைப் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தாள். 60 என்று மூன்றாம் தரம் எழுதியபோது கூச்சல் தானாகவே அடங்கியது.