புதுசா வந்தவங்களுக்கு: ஏர் கம்ப்ரெசர் வாங்குறதுக்கு முன்னாடி கராஜ் சுவத்துல இருக்க பிளக் பாயிண்ட பாருங்க

எந்த ஏர் கம்ப்ரெசர் வாங்கலாம்னு போன ரெண்டு மாசத்துல மூணு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா இங்கயே மொத்தமா எழுதி வச்சிடுறேன். வெளிநாடு வந்து முதல் தடவையா கராஜ் வச்ச வீடு கெடைச்சதும், மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி கேக்குறார்னு தெரிஞ்சதும், டயர் மாத்துறது பிரேக் பாக்குறது எல்லாம் நாமளே பண்ணிக்கலாம்னு தோணும், உடனே கண்ணுல படுறது ஏர் கம்ப்ரெசர் தான், அதாவது காத்த அழுத்தி டேங்க்ல சேத்து வச்சு டூல ஓட்டுற மெஷின். நல்ல விஷயம் தான், வாங்குங்க. ஆனா கடையில டப்பா மேல பெரிய எழுத்துல டேங்க் சைஸும் ஹெச்பியும் (மோட்டாரோட பவர்) போட்டிருப்பாங்க, அந்த ரெண்ட மட்டும் வச்சு முடிவு எடுத்துடாதீங்க. உங்க கராஜ் சுவத்துல இருக்க பிளக் பாயிண்ட் எவ்வளவு கரண்ட் குடுக்கும்ங்கறது தான் உங்க கம்ப்ரெசர தீர்மானிக்குது, நீங்க இல்ல.

கணக்கு சிம்பிள் தான். 1 ஹெச்பின்னா 746 வாட். அமெரிக்கா கனடாவுல சாதாரண பிளக் 120 வோல்ட், பெரும்பாலும் 15 ஆம்ப் சர்க்யூட், பெருக்கினா 1800 வாட். மோட்டார்ல சூடா போற கரண்ட கழிச்சா நிஜமா கெடைக்கிறது ஒன்றரை ஹெச்பி, மிஞ்சிப் போனா 2. அப்புறம் எப்படி அதே பிளக்ல மாட்டுற மெஷின் மேல 5 ஹெச்பி, 6 ஹெச்பின்னு போட்டிருக்குன்னு கேட்டா, அது பீக் ஹெச்பி, மோட்டார் ஒரு நொடி எட்டிப் பாக்குற அளவு, வேலை செய்யுற அளவு கிடையாது. மோட்டார் உடம்புல ஒட்டியிருக்க தகட்டுல ஆம்ப் எவ்வளவுன்னு போட்டிருக்கும், அத மட்டும் நம்புங்க.

பிரிட்டன்ல 230 வோல்ட் 13 ஆம்ப், அதனால கிட்டத்தட்ட 3000 வாட் வரைக்கும் இழுக்கலாம், அங்க இருக்கவங்களுக்கு 3 ஹெச்பி மெஷின் வரைக்கும் வழி இருக்கு. ஆஸ்திரேலியாவுல சாதாரண பாயிண்ட் 10 ஆம்ப் தான், 15 ஆம்ப் பிளக்ல எர்த் பின் அகலமா இருக்கும், சாதாரண பாயிண்ட்ல நுழையாது, அதுக்குன்னு அந்த பின்ன அரத்தால தேய்ச்சு சொருகுற வேலைய தயவுசெஞ்சு பண்ணாதீங்க. எந்த நாடா இருந்தாலும் அதே சர்க்யூட்ல வேற என்னென்ன ஓடுதுன்னு பிரேக்கர் பாக்ஸ் பக்கம் போய் பாத்துக்கோங்க. கராஜ்ல ஃப்ரீசர் வச்சிருப்பாங்க, கதவு மோட்டார் இருக்கும், எல்லாம் ஒரே பிரேக்கர்ல இருந்தா கம்ப்ரெசர் ஸ்டார்ட் ஆகுற நொடியில டிரிப் ஆகும், ஏன்னா ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

இந்தியா இலங்கையிலருந்து மோட்டாரோட கம்ப்ரெசர் கொண்டு வரலாமான்னும் ஒருத்தர் கேட்டார். வேணாம். அங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஹெர்ட்ஸ்னா கரண்ட் ஒரு நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் போய் வருதுங்கற கணக்கு. வட அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் வச்சு வோல்ட்ட சரி பண்ணாலும் ஹெர்ட்ஸ் மாறாது, மோட்டார் 20 சதவீதம் வேகமா சுத்தும், பம்ப்புக்கும் அது லோடு.

சரி, பிளக் தெரிஞ்சிடுச்சு, அடுத்தது சிஎஃப்எம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து தள்ளுதுங்கற கணக்கு. ஒரே மெஷினுக்கு 40 பிஎஸ்ஐ-ல (பிஎஸ்ஐன்னா காத்தோட அழுத்தத்த அளக்குற அளவு) ஒரு நம்பரும் 90 பிஎஸ்ஐ-ல ஒரு நம்பரும் போட்டிருப்பாங்க, பெரும்பாலான ஏர் டூல் 90-ல தான் ஓடும், அதனால 90-க்கு எதிர போட்டிருக்க நம்பர மட்டும் பாருங்க. ஐரோப்பா ஆஸ்திரேலியா பக்கம் லிட்டர்ல போடுவாங்க, 1 சிஎஃப்எம்னா நிமிஷத்துக்கு 28.3 லிட்டர். அங்க இன்னொரு குழப்பமும் இருக்கு: பிஸ்டன் எவ்வளவு காத்த உறிஞ்சுதுங்கறத பெருசா போட்டுட்டு, வெளிய நிஜமா எவ்வளவு வருதுங்கறத சின்னதா போடுவாங்க, இல்ல போடவே மாட்டாங்க. வெளிய வர்றதுக்கு எஃப்ஏடின்னு பேரு. சின்ன மெஷின்ல உறிஞ்சுற அளவுல மூணுல ரெண்டு பங்கு கெடைச்சாலே நல்லது.

இப்ப நீங்க என்ன வேலை செய்யப் போறீங்கன்னு யோசிங்க. டயருக்கு காத்து, பலூன், சைக்கிள், ஆணி அடிக்கிற நெய்லர், இதுக்கெல்லாம் தோசைக்கல்லு மாதிரி தட்டையா வர்ற சின்ன மெஷினே தாராளம், 90-ல ரெண்டரை சிஎஃப்எம் குடுத்தா போதும். வீல் நட்டு கழட்டுற அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்ச்சுக்கு 4, 5 சிஎஃப்எம்னு போட்டிருப்பாங்க, ஆனா அது விட்டு விட்டு அழுத்துற கணக்கு, துருப்பிடிச்ச நட்டு மேல டிரிகர பிடிச்சுக்கிட்டே இருந்தா அத விட ரொம்ப சாப்பிடும். தேய்ச்சு வழவழப்பாக்குற சாண்டர், இரும்ப தேய்க்கிற டை கிரைண்டர், பெயின்ட் அடிக்கிற கன் இதெல்லாம் நிறுத்தாம 8, 10, அதுக்கு மேலயும் கேக்குற ஆளுங்க. 120 வோல்ட் பிளக்ல ஓடுற எந்த மெஷினும் 5, 6-க்கு மேல குடுக்காது, அதனால காருக்கு பெயின்ட் அடிக்கணும்ங்கறவங்க முதல்ல எலக்ட்ரீசியன கூப்பிட்டு 240 வோல்ட் லைன் இழுங்க, அப்புறம் தான் மெஷின். வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம லைன்ல கை வைக்காதீங்க.

பெரிய டேங்க் வாங்கினா சமாளிக்கலாம்ல? இந்த கேள்வி எல்லாரும் கேப்பாங்க. மொட்டமாடி தண்ணித் தொட்டிய நெனச்சுக்கோங்க, தொட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும் மோட்டார் ஏத்துறத விட வேகமா குழாய தெறந்து விட்டா தொட்டி காலியாகத் தான் செய்யும், கொஞ்சம் லேட்டா காலியாகும் அவ்வளவு தான், காலியானதுக்கு அப்புறம் நிரம்புறதுக்கும் அதே அளவு லேட்டாகும். நாலு வீல் நட்ட கழட்டி மாட்டுற மாதிரி விட்டு விட்டு பண்ற வேலைக்கு பெரிய டேங்க் நல்ல உதவி, 75 லிட்டர், அதாவது 20 கேலன் இருந்தா நிம்மதி. தொடர்ந்து ஓடுற டூலுக்கு டேங்க் காப்பாத்தாது.

இன்னொன்னும் மனசார சொல்றேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை குளிர்கால டயர மாத்துறது மட்டும் தான் உங்க வேலைன்னா, பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் ஒண்ணும் டயருக்கு காத்தடிக்கிற சின்ன பம்ப்பும் போதும். கராஜ்ல இடம் மிச்சம், சத்தம் மிச்சம்.

சத்தம்னதும் ஞாபகம் வருது, இத யாரும் வாங்குறதுக்கு முன்னாடி யோசிக்கிறதே இல்ல. ஆயில் இல்லாம வேகமா சுத்துற விலை கம்மி மெஷின் 80 டெசிபலுக்கு மேல போகும், மூடின கராஜ்ல பக்கத்துல நிக்கிறவங்களுக்கு காது வலிக்கும், பக்கத்து வீட்டு சுவரும் உங்க சுவரும் ஒண்ணா இருந்தா கேக்கவே வேணாம். மெதுவா சுத்துற மோட்டார் வச்ச மெஷின் 60, 70 டெசிபல்ல வருது, அதே காசுக்கு காத்து கொஞ்சம் கம்மியா தான் குடுக்கும், ஆனா தூங்குற குழந்தை இருக்க வீட்டுக்கு நான் அதத் தான் வாங்கச் சொல்லுவேன். ஆயில் ஊத்துற பெல்ட் மெஷின் சத்தமும் கம்மி, வருஷக்கணக்கா உழைக்கும், ஆனா கனம், ஆயில் லெவல் பாக்கணும், சாய்ச்சு வச்சு கார்ல ஏத்தக் கூடாது. கடும் குளிர் ஊர்னா ஆயில் கெட்டியாகி காலையில ஸ்டார்ட் ஆகாம முக்கும், பிரேக்கர் விழும், அதுக்கு கம்பெனி சொல்ற சிந்தெடிக் கம்ப்ரெசர் ஆயில் மாத்தணும், கார் இன்ஜின் ஆயில் ஊத்தாதீங்க.

எக்ஸ்டென்ஷன் வயர் பத்தி என் கதைய சொல்றேன். முதல் கம்ப்ரெசர் வாங்கினப்ப கராஜ்லருந்து டிரைவ்வே வரைக்கும் எட்டணும்னு மெல்லிசா 15 மீட்டர் வயர் போட்டு ஓட்டினேன், கடைக்காரர்கிட்ட கேட்டப்ப ஒண்ணும் ஆகாதுன்னு தான் சொன்னாரு. வயர் நீளம் கூடக் கூட வோல்ட் இறங்கும், மோட்டார் அத ஈடு கட்ட கரண்ட கூட இழுக்கும், சூடாகும். ரெண்டு வாரத்துல மோட்டார் பொகைஞ்சு போச்சு, வாரண்டியும் குடுக்கல, மேனுவல்லயே எழுதியிருக்குன்னு காட்டிட்டாங்க, எழுதித்தான் இருந்துச்சு. அந்த காசு போனது இன்னிக்கும் வருத்தம். மெஷின சுவத்து பாயிண்ட்ல நேரா சொருகுங்க, நீளம் வேணும்னா காத்து ஹோஸ நீளமா வாங்குங்க, 3/8 இஞ்ச் உள்ளளவு ஹோஸ்.

ஃபிட்டிங்லயும் நாடு மாறினா அடி வாங்குவோம். ஃபிட்டிங்ல இருக்க புரி (த்ரெட்) ரெண்டு வகை, வட அமெரிக்காவுல என்பிடி, மத்த நாடுகள்ல பெரும்பாலும் பிஎஸ்பி. கால் இஞ்ச்ல ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ரெண்டு சுத்து ஏறவும் ஏறும், ஆனா ஒண்ணு இஞ்சுக்கு 18 புரி, இன்னொண்ணு 19, புரியோட கோணமும் வேற, டெஃப்லான் டேப் எவ்வளவு சுத்தினாலும் லீக் நிக்காது. ஊர்லருந்து கொண்டு வந்த டூல நேரா மாட்டாம அதுக்குன்னு அடாப்டர் வாங்கிக்கோங்க. ஹோஸையும் டூலையும் சேர்க்க சொருகுற கப்ளரும் நாட்டுக்கு நாடு வேற, பிரிட்டன்ல ஒண்ணு, ஆஸ்திரேலியாவுல ஒண்ணு, அமெரிக்காவுலயே ரெண்டு மூணு வகை, ஒரு வகைய தேர்ந்தெடுத்து எல்லாத்துக்கும் அதயே போட்டுடுங்க. அழுத்தம் காட்டுற கேஜ்ல பிஎஸ்ஐக்கு பதிலா பார், கேபிஏ இருந்தா பயப்பட வேணாம்: 35 பிஎஸ்ஐன்னா 2.4 பார், 240 கேபிஏ.

பாதுகாப்பு விஷயத்துல ரெண்டு மூணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். வேலை முடிஞ்சதும் டேங்க்குக்கு அடியில இருக்க வால்வ தெறந்து தண்ணிய விடுங்க, காத்துல இருக்க ஈரம் உள்ள தேங்கி டேங்க உள்ளேருந்து துருப்பிடிக்க வைக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு தான் இருக்கும். விலை கம்மின்னு தண்ணி போற பிவிசி பைப்ப சுவத்துல ஓட்டி காத்து விடாதீங்க, அது கிழியாது, செதில் செதிலா வெடிச்சு பறக்கும், அமெரிக்காவுல வேலை இடத்து பாதுகாப்ப பாக்குற அரசு அமைப்பு ஓஷா 1988-லயே இத எச்சரிச்சிருக்கு. காத்து ஊதுற ப்ளோ கன்ன சட்டை மேலயோ கை மேலயோ வச்சு ஊதாதீங்க, பசங்க கைக்கு எட்டாம மாட்டி வைங்க, காத்து தோலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேட்டவருக்கு: தாராளமா வாங்கலாம், நேர்ல போய் ஓட்டிப் பாத்துட்டு. போகும்போது டேங்க்ல காத்து இல்லாம வைக்கச் சொல்லுங்க, அடியில வால்வ தெறந்து என்ன வருதுன்னு பாருங்க, காபி கலர்ல தண்ணி வந்து கூடவே துரு செதில் விழுந்தா பேரம் பேசாம கெளம்பிடுங்க, டேங்க்ல வெல்டிங் ஒட்டு போட்டிருந்தாலும் அதே தான். அப்புறம் ஓட விட்டு போன்ல டைம் பாருங்க. 75 லிட்டர் டேங்க், 6 பார்லருந்து 8 பார் ஏற ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, 75-அ 2-ஆல பெருக்குங்க, நிமிஷத்துக்கு 150 லிட்டர், அதாவது 5 சிஎஃப்எம் சொச்சம், ஸ்டிக்கர்ல என்ன போட்டிருந்தாலும் அது தான் அந்த மெஷினோட இன்றைய நிலைமை. ஃபுல்லாகி நிக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு நொடி சத்தம் வந்து அடங்கணும், அடங்காம இழுத்துக்கிட்டே இருந்தா செக் வால்வு (டேங்க் காத்து பம்ப் பக்கம் திரும்பாம தடுக்கிறது) போயிருக்கு, அது சின்ன பார்ட் தான், விலைய கொறைச்சுக் கேளுங்க. சேஃப்டி வால்வு வளையத்த இழுத்துப் பாக்க மறக்காதீங்க, காத்து சீறிட்டு வந்து விட்டதும் நிக்கணும்.

இன்னும் சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, எந்த நாடு, பிரேக்கர் எத்தனை ஆம்ப், என்ன டூல் ஓட்டப் போறீங்க, இந்த மூணையும் சேர்த்து எழுதினா ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பாத்து பதில் போடுறேன்.