நல்லாக் கதைக்கிற குத்துச்சண்டை வீரர்கள்: பிள்ளையளுக்கு ஆரைக் காட்டலாம், எப்பிடிப் பழக்கலாம்?

பரந்தன்_சந்தி:

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 15 – 18 வயசுப் பிள்ளையளுக்கு குத்துச்சண்டை பழக்கிற ஆக்களிட்ட ஒரு கேள்வி. மாகாணப் போட்டியில வெண்டு இறங்கிற பிள்ளையை யூரியூப்காரரும் பத்திரிகைக்காரரும் போனோட சுத்தி நிக்கினம். எல்லாப் பிள்ளையளிட்டயும் ஒரே பதில்தான்: “சந்தோஷமா இருக்கு. அம்மா அப்பாவுக்கும் மாஸ்டருக்கும் நன்றி.” அதோட நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்குதுகள். மூண்டு ரவுண்டும் மூளையைப் பாவிச்சு அடிச்ச பிள்ளை, அதை வாயால சொல்ல ஏலாமல் நிக்கேக்க பாக்கிற எங்களுக்குக் கவலை. கொழும்பில சிங்களத்தில கேட்டால் அந்த நன்றியும் வராது. அனுசரணை குடுக்கிறவை இந்த வீடியோக்களையும் பாத்துத்தான் முடிவெடுக்கினம்.

பேட்டியில கேட்டுக்கொண்டே இருக்கலாம் எண்டு சொல்லக்கூடிய வீரர்கள் ஆர்? அவையளிட்ட இருந்து எதை எடுக்கலாம், எதை விடவேணும்? கிழமைக்கு எவ்வளவு நேரம் இதுக்கு ஒதுக்கலாம்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

நந்திக்கடல்:

முகமது அலிதான் முதல் ஆள், அதில இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்த அலியைக் காட்டுறது எண்டதில கவனம் வேணும். 1964 பெப்ரவரியில மயாமியில சொனி லிஸ்டனை வெண்டிட்டு றிங்குக்குள்ள கத்தின அலியைத்தான் எல்லாரும் காட்டுகினம். பிள்ளையள் அதைப் பாத்தால் கத்தத்தான் பழகும். அது அவர் தெரிஞ்சே போட்ட வேசம். 1961இல கோர்ஜஸ் ஜோர்ஜ் எண்ட மல்யுத்த வீரர் வானொலியில தன்னைப் பற்றிப் பீத்திறதைக் கேட்டு, அந்த ஆள் தோக்கிறதைப் பாக்கிறதுக்கே சனம் காசு குடுத்து வருகுது எண்டு விளங்கித்தான் அந்தப் பாணியை எடுத்தவர். வண்ணத்துப்பூச்சி, தேனீ எண்ட அந்தப் பேர்போன வரியைக்கூட அவருக்குப் பக்கத்தில நிண்ட ட்ரூ பண்டினி பிரவுண் கட்டினது எண்டுதான் சொல்லுகினம். அதாவது யோசிச்சு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகின பேச்சு.

நீங்கள் காட்டவேண்டியது 1971இல பிபிசியில மைக்கேல் பார்கின்சனோட இருந்து கதைச்ச அலியை. கதிரையில சாஞ்சு இருந்து, குரலை உயர்த்தாமல், சின்ன வயசில தாயிட்டக் கேட்ட கேள்வியளைச் சொல்லுவார். ஏன் படத்தில இருக்கிற தேவதூதர் எல்லாரும் வெள்ளை? அமெரிக்காவில தேவதைக் கேக் எண்டு ஒண்டு, அது வெள்ளை நிறம்; பிசாசுக் கேக் எண்டு இன்னொண்டு, அது ஏன் கறுப்பு? அரங்கு முழுக்கச் சிரிக்கும். அவர் நிறவெறியைப் பற்றித்தான் கதைக்கிறார், ஆனால் அந்தச் சொல்லில தொடங்கேல்லை. கேக்கில தொடங்கினார். இதைத்தான் பிள்ளையளுக்கு நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டவேணும்: பெரிய விசயத்தை, வீட்டில எல்லாரும் கண்ட ஒரு சாமானை வைச்சுச் சொல்லுறது. எங்கட பிள்ளை “கடுமையாப் பயிற்சி எடுத்தனான்” எண்டு சொல்லுறதுக்கும் “விடிய அஞ்சு மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில ஓடிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் போறனான்” எண்டு சொல்லுறதுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் இதுதான். இரண்டாவதைக் கேக்கிற ஆளுக்குக் குளக்கட்டு கண்ணில தெரியும்.

விடவேண்டியது, எதிராளியை இழிவாப் பேசினது. ஜோ ஃப்ரேசியரை 1975 மணிலாச் சண்டைக்கு முதல் கொரில்லா எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். சனம் சிரிச்சுது, ஃப்ரேசியருக்கு அந்தக் காயம் எத்தினையோ வருசமா ஆறேல்லை. 15 வயசுப் பிள்ளை அதைப் பகிடி எண்டு எடுத்துப் பழகக்கூடாது. அடுத்த வருசம் அதே எதிராளியோட ஒரே அணியில போகவேண்டியும் வரும்.

முத்தையன்கட்டு:

மேல சொன்னது சரி. ஆனால் சண்டை முடிஞ்ச உடன குடுக்கிற பேட்டி வேற, கதிரையில இருந்து குடுக்கிறது வேற. உங்கட பிள்ளையள் மாட்டுப்படுறது முதலாவதில. அதில பிழைக்கிறதுக்குக் காரணம் கூச்சம் மட்டும் இல்லை, உடம்பும்தான்.

மூண்டு ரவுண்ட் முடிஞ்ச உடன மூச்சு வாயாலதான் போய் வரும். மவுத் கார்ட் கடிச்ச வாய், நாக்கு வறண்டு மேலண்ணத்தில ஒட்டும். அந்த நேரம் கேள்வி கேட்டால் ஒரு வசனம்கூட முடியாது, இடையில மூச்சு வெட்டும். அதுதான் பிள்ளை கெதியா நன்றி சொல்லி முடிக்குது. மாஸ்டர் இடையில நிண்டு இரண்டு நிமிசம் கேட்டு வாங்கவேணும், எந்தப் பத்திரிகைக்காரரும் மறுக்காயினம். அந்த இரண்டு நிமிசத்தில மவுத் கார்ட், ஹெட் கார்ட், கிளவுஸ் எல்லாம் கழட்டி, தண்ணியால வாயைக் கொப்பளிச்சுத் துப்பி, இரண்டு மிடறு குடிக்கவேணும். பிறகு மூக்கால நாலு எண்ணும்வரை இழுத்து, வாயால ஆறு எண்ணும்வரை விடவேணும். அப்பிடி ஆறு தரம். வெளிய விடுற மூச்சு நீளமா இருந்தால் நெஞ்சு இடிப்புக் கெதியா இறங்கும். ஹெட் கார்ட்டைக் கழட்டாமல் கதைக்க விடாதேங்கோ. காது மூடிக் கேள்வி சரியாக் கேக்காது, கமெராவில முகமும் தெரியாது.

பதிலுக்கு நான் பழக்கச் சொல்லுறது மூண்டே விசயம்: எதிராளி என்ன செய்தார், நான் எதை மாத்தினான், அது எந்த ரவுண்டில நடந்தது. இப்பிடி வரும்:

“அவர் இடக்கையன். முதல் ரவுண்டில என்ர இடக்கைக் குத்து (ஜாப்) அவற்ற முன்கையில பட்டு நிண்டுது. இரண்டாவதில என்ர இடக்காலை அவற்ற வலக்காலுக்கு வெளிய வைச்சன், வலக்கை நேராப் போச்சுது.”

மூண்டு வரிதான். ஆனால் குத்துச்சண்டை தெரியாத ஆளுக்கும் ஒரு படம் வரும், தெரிஞ்ச ஆளுக்கு இந்தப் பிள்ளை யோசிச்சுச் சண்டை பிடிக்குது எண்டு விளங்கும். நன்றி கடைசியில வரட்டும், முதல் வசனமா வேண்டாம். நன்றியில தொடங்கினால் பேட்டி அதோட முடிஞ்ச மாதிரி இருக்கும், கேட்டவரும் அடுத்த கேள்வியை மறந்திடுவார்.

கிழமைக்கு இரண்டு நாள், பத்து நிமிசம் காணும். பயிற்சிக்குப் பிறகு ஆறுதலா இருத்தி வைச்சுக் கேக்காதேங்கோ, அது போட்டி நாளில உதவாது. ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) மூண்டு ரவுண்ட் முடிஞ்ச உடன, மேல சொன்ன மாதிரி மூச்சு எடுக்க விட்டு, ஒரு பிள்ளை போனைப் பிடிக்க மற்றப் பிள்ளை கேள்வி கேக்கட்டும். முப்பது செக்கனுக்கு மேல வேண்டாம். பிறகு அந்த வீடியோவை அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டுங்கோ. எல்லாருக்கும் முன்னால போட்டுக் காட்டினால் அடுத்த தரம் வாயே திறக்காது. கேக்கிற பிள்ளைக்கும் ஒண்டு சொல்லிக் குடுங்கோ: “சந்தோஷமா?” எண்டு கேட்டால் “ஓம்” எண்டுதான் பதில் வரும். “இரண்டாவது ரவுண்டில என்ன மாத்தினீர்?” எண்டு கேட்டால்தான் கதை வரும்.

ஓமந்தை_வடக்கு:

மொழிப் பிரச்சினைக்கு ஒலெக்சாண்டர் உசிக்கைக் காட்டுங்கோ. உக்ரைன்காரர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில தங்கம், 2024 மே 18இல ரியாத்தில டைசன் ஃபியூரியை வெண்டு நாலு உலகச் சம்பியன் பட்டியும் எடுத்தவர். அவற்ற ஆங்கிலம் இலக்கணப்படி சரி இல்லை, சின்னச் சின்ன வசனம்தான். ஆனால் கேக்கிற ஆளைப் பாத்துச் சிரிச்சு, நிறுத்தி நிறுத்திச் சொல்லுறதைச் சனம் விரும்பிக் கேக்குது. பிலிப்பைன்ஸின்ர மனி பக்கியாவோவும் அப்பிடித்தான், இரண்டாம் மொழியில கூச்சம் இல்லாமல் கதைச்சே பேர் எடுத்தவர். பெண்பிள்ளையளுக்கு மேரி கோம். மணிப்பூரில சின்ன ஒரு இனத்தில பிறந்து, ஆறு தரம் உலகச் சம்பியன், 2012 ஒலிம்பிக் வெண்கலம். தாய்மொழி கோம், நாட்டுக்குக் கதைக்கிறது ஹிந்தியிலயும் ஆங்கிலத்திலயும். எங்கட பிள்ளையளின்ர நிலைமைக்கு ஆகக் கிட்டின உதாரணம் அவதான்.

சிங்களத்தில ஆறேழு வசனம் மனப்பாடமா இல்லாமல் பொருள் விளங்கிப் பழகட்டும்: பேர், ஊர், எடைப்பிரிவு, எந்த ரவுண்டில என்ன நடந்தது, அடுத்த போட்டி எது. மிச்சத்தைத் தமிழில சொல்லட்டும், மொழிபெயர்க்க ஒரு ஆளைப் பக்கத்தில வையுங்கோ. மொழிபெயர்ப்போட கதைக்கேக்க இரண்டு வசனத்துக்கு ஒருக்கா நிப்பாட்டப் பழக்கவேணும். நீளமாச் சொன்னால் மொழிபெயர்க்கிறவர் நடுவில இருக்கிறதை விட்டிடுவார், நல்ல பகுதி அங்கதான் இருக்கும்.

இன்னும் ஒராள், ஜோர்ஜ் ஃபோர்மன். 1974இல கின்ஷாசாவில அலியிட்டத் தோத்த காலத்தில முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு, கேட்டால் ஒண்டு இரண்டு சொல்லில பதில் சொன்ன மனிசன். 1977இல விட்டிட்டுப் போய் மதபோதகரா நிண்டவர். பத்து வருசம் சனத்துக்கு முன்னால பிரசங்கம் பண்ணிப்போட்டு 1987இல திரும்பி வரேக்க, தன்ர வயசையும் சாப்பாட்டையும் வைச்சுப் பகிடி விட்டுச் சனத்தைக் கட்டிப்போட்ட ஆள். 1994இல 45 வயசில திரும்பவும் உலகச் சம்பியன், பிறகு கனகாலம் ரீவி வர்ணனையாளர். வாய் திறக்காத பிள்ளைக்கு இரண்டு காலத்து ஃபோர்மனையும் பக்கத்தில பக்கத்தில போட்டுக் காட்டுங்கோ.

சண்டையைப் பிரிச்சுச் சொல்லுறதுக்கு அண்ட்ரே வார்ட். 2004 ஏதென்ஸ் தங்கம், 32 சண்டையும் வெண்டு ஓய்வு. பிறகு ரீவியில வர்ணனையும் செய்தவர்.

பரந்தன்_சந்தி:

மிச்சம் நன்றி. ஹெட் கார்ட் விசயம் இவ்வளவு நாளும் யோசிக்காதது. தோத்த பிள்ளையிட்டப் போனை நீட்டினால் என்ன செய்யிறது? அதிலயும் 3 – 2 எண்டு ஜட்ஜ்மார் பிரிஞ்சு தோத்தால் பெரிய கொதி வருகுது.

முத்தையன்கட்டு:

முதல் விதி: விழுந்த பிள்ளை, தலையில அடிபட்டு ரெஃப்ரி எண்ணின பிள்ளை, அண்டைக்குப் பேட்டி குடுக்கக்கூடாது. வெளிய நல்லா நிக்கிற மாதிரித் தெரியும், ஆனால் என்ன சொன்னது எண்டு பிறகு அதுக்கே ஞாபகம் இருக்காது. டொக்ரர் பாக்கட்டும். தலையடியால சண்டையை நிப்பாட்டினால் ஆகக் குறைஞ்சது 30 நாள் ஓய்வு எண்டு சட்டம் வைச்சிருக்கிறதும் சும்மா இல்லை.

பொயின்ற்றில தோத்த பிள்ளைக்கு ஐஞ்சு நிமிசம் குடுங்கோ, இரண்டு காணாது. 2022 ஓகஸ்டில ஜெத்தாவில அந்தணி ஜோஷுவா உசிக்கிட்டப் பிரிஞ்ச தீர்ப்பில தோத்த உடன பட்டியளை றிங்குக்கு வெளிய எறிஞ்சு, திரும்பி வந்து மைக்கை வாங்கி நீளமாக் கதைச்சார். நல்லாக் கதைக்கக்கூடிய மனிசன்தான், ஆனால் கொதி இறங்க முதல் மைக் கையில வந்திட்டுது. சாட்டுச் சொல்லுறதுக்கு உதாரணம் வேணுமெண்டால் டியோண்டே வைல்டர். 2020 பெப்ரவரியில ஃபியூரியிட்டத் தோத்துப்போட்டு, றிங்குக்கு வரேக்க போட்டிருந்த உடுப்பு 40 இறாத்தலுக்கு மேல, அதால கால் களைச்சுப் போச்சு எண்டார். அந்தச் சண்டை எண்டாலே சனம் இப்பவும் அந்த உடுப்பைத்தான் கதைக்கினம்.

நல்ல பக்கத்துக்கு 2017 ஏப்ரலில வெம்ப்ளியில, 90,000 சனத்துக்கு முன்னால ஜோஷுவாவிட்டத் தோத்த விளாடிமிர் கிளிச்கோவைக் காட்டுங்கோ. எதிராளியைப் பாராட்டி நிமிர்ந்து நிண்டார்.

பிள்ளைக்கு வசனம் இதுதான்: “மூண்டாவது ரவுண்டில அவர் கூட அடிச்சவர். நான் கையைக் கீழ விட்டிட்டன். அதைத் திருத்தவேணும்.” ஜட்ஜ்மாரைப் பற்றிக் கதைக்கிறது மாஸ்டரின்ர வேலை, அதுவும் கமெராவுக்கு இல்லை, எழுத்தில குடுக்கிறது.

நந்திக்கடல்:

ஒண்டு விட்டுப்போச்சு. தகரக் கூரை மண்டபத்துக்குள்ள எடுத்தால் எதிரொலியில ஒரு சொல்லும் விளங்காது. வெளிய கொண்டு வாங்கோ. சோளகக் காலத்தில காத்துக்கு முதுகைக் காட்டி நிக்கட்டும், இல்லாட்டி மைக்கில இரைச்சல்தான் விழும். மைக் உள்ள இயர்போனை ரீசேட் கழுத்தில, நாடிக்கு ஒரு சாண் கீழ கொழுவினால் காணும். ஏ9 றோட்டுப் பக்கமா நிப்பாட்டாதேங்கோ, பஸ் ஹோண் வரேக்க பிள்ளை சொல்ல வந்ததை மறந்திடும்.