லத்தீன் வேற்றுமை உருபுகள்: அட்டவணை மனப்பாடம், வாக்கியத்தில் தடுமாற்றம்

கேள்வி:
வணக்கம். லத்தீனை ஆசிரியர் இல்லாமல் படித்துவருகிறேன். ஐந்து பெயர் வகுப்புகளின் (உருபு ஏற்கும் முறையை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரித்த பிரிவுகளின்) உருபுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன். வாக்கியம் என்று வந்தால் ஒன்றும் ஓடவில்லை. தொமினுஸ் (தலைவன்), மனுஸ் (கை), கொர்புஸ் (உடல்) மூன்றும் 'உஸ்' என்றே முடிகின்றன. ஆனால் வெவ்வேறு வகுப்புகளாம்! எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்:
எழுவாயை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அகராதி ஒருமையின் ஆறாம் வேற்றுமையையும் சேர்த்தே தருகிறது: தொமினீ, மனூஸ், கொர்பொரிஸ். 'ஈ' இரண்டாம் வகுப்பு, நெடிலாக 'ஊஸ்' நான்காம் வகுப்பு, 'இஸ்' மூன்றாம் வகுப்பு. சொல்லை எப்போதும் இந்த இணையாகவே படியுங்கள். குறிப்பேட்டில் தமிழ் எழுத்திலும் எழுதிவையுங்கள். மனுஸ், மனூஸ் என்ற குறில் நெடில் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று. கொர்பொரிஸில் 'இஸ்' நீக்கினால் 'கொர்பொர்' கிடைக்கும். அடுத்த உருபுகள் பெரும்பாலும் அதன்மேல்தான் ஏறும். நாம் 'மரமை' என்பதில்லை. 'மரத்து' ஆக்கி 'மரத்தை' என்கிறோம் அல்லவா? ரேக்ஸ் (அரசன்) ரேகிஸ் ஆவதும், ரேகெம் (அரசனை) பிறப்பதும் அதே வழியில்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது பிடிபடுகிறது. ஆனால் 'புவெல்லாய்' என்பது சிறுமியின், சிறுமிக்கு, சிறுமிகள் என மூன்றாகவும் வருகிறதே?

மற்றொருவர் பதில்:
தமிழில் 'கள்' தனி, 'ஐ' தனி. லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே உருபில் உருகிக் கிடக்கின்றன. குழப்பத்தின் வேர் அதுதான். வினையை முதலில் பாருங்கள். 'புவெல்லாய் கந்தந்த்': வினை பன்மை, ஆகவே சிறுமிகள் பாடுகிறார்கள். 'புவெல்லாய் ரொஸம் தத்': வினை ஒருமை, ஆகவே அது எழுவாய் ஆகாது. 'கொடு' என்ற வினை யாருக்கு என்று கேட்கும். சிறுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறான் என்பதே இயல்பான பொருள்.

சுமையும் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. அஃறிணை போன்ற மூன்றாம் பாலில் முதல், இரண்டாம் வேற்றுமைகள் எப்போதும் ஒன்றே. பன்மையில் அவை 'அ' என்று முடியும். பன்மையில் 'கு' உருபுக்குரிய வடிவமும், 'ஆல், இன், இல்' மூன்றுக்கும் பொதுவான வடிவமும் எந்த வகுப்பை எடுத்தாலும் அந்த வகுப்புக்குள் ஒன்றேதான்.

அட்டவணை ஒப்பிப்பதைவிட, பெயரோடு அடை சேர்த்துப் பழகுங்கள்: ரேக்ஸ் பொனுஸ் (நல்ல அரசன்), ரேகிஸ் பொனீ, ரேகெம் பொனும். நல்ல உழவன் 'அக்ரிகொல பொனுஸ்'. ஓசை ஒத்துப்போகாது, வேற்றுமை ஒத்துப்போகும். இதில் கண் பழகிவிட்டால் வாக்கியம் தானாகப் பிரியும்.