ஐ.இ.பி. (மாற்றுத்திறன் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனியாகப் போடும் கல்வித் திட்டம்) கூட்டத்தில் நடந்தது, இன்னும் உறுத்துவது: எழுதுங்கள்

தேவாலா மழை:
சிறப்பாசிரியர், கூடலூர் வட்டாரம். போன ஜூலையில் நடந்தது.

மூன்றாம் வகுப்புப் பையன், அறிவுசார் குறைபாடு. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். ஜூலையில் தேவாலாப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே பலருக்கும் தெரியும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு, ஏழாவது படிக்கும் மூத்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் தாளோடு வந்து நின்றார். எனக்கோ அன்றே இன்னும் இரண்டு பள்ளிக்குப் போக வேண்டும். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இந்த வருஷத் திட்டம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்று ஃபைலை நீட்டினேன். அவருக்குப் படிக்க வராது, பெண்ணிடம் கொடுத்தார். அவள் வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தாள். நீண்டகால இலக்கு, குறுகியகால இலக்கு... மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"சார், இது தம்பி பேரு இல்லையே."

வேறு பள்ளிப் பையனின் திட்டத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். மேலே மாற்றியவன் நடுவில் மாற்ற விட்டுவிட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "அந்தப் பையனுக்கும் இதேதானா சார்?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

கோத்தகிரி அம்மா:
சார், நீங்கள் இதை எழுதியதற்கே நன்றி. என்னுடையதில் தப்பு என் மேலும் இருக்கிறது.

மகளுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு தெளிவாக வராது, ஆனால் எல்லாம் புரியும். ஆறாம் வகுப்பில் சேர்த்த வருஷம் கூட்டம் போட்டார்கள். எச்.எம். அறையில் ஆறு பேர், டீ, வர்க்கி, நடுவில் இவள் வீல்சேரில். பேச்சு கழிவறைக்குப் போனது. யார் தூக்கிப்போவது, ஆயா இல்லையே, டயப்பர் கட்டி அனுப்ப முடியுமா, எத்தனை மணிக்கு ஒரு தடவை போவாள். பத்து நிமிஷம் இதேதான். கணக்கு சாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். கம்பளிக் குல்லாவைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது கை மட்டும்தான் சொன்னபடி கேட்கும். அந்த ஒரு கையால் ஒரு பக்கத்தை இழுக்க, மறுபக்கம் ஏறிக்கொள்ளும். திரும்ப அதை இழுப்பாள். கண், அப்புறம் மூக்கு வரைக்கும் மூடிவிட்டாள். நான் பேச்சை நிறுத்தவில்லை. அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்ததே நான்தானே.

ராத்திரி சாப்பிடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "கணக்கு சார் இருந்தாரும்மா."

ஓய்வு எச்.எம்.:
31 வருஷம் பணி, அதில் 12 வருஷம் குன்னூர்ப் பக்கம் தலைமையாசிரியர். ஒரு கூட்டத்தில் ஒரு தந்தை பாதியில் எழுந்து போய்விட்டார், ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மேலே படித்த இரண்டும் திட்டமிடாததால் வந்த வினை. சிறப்பாசிரியர் தம்பி நேரமில்லை என்கிறார். நேரம் என்பது கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது. பெற்றோருக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். எதற்கு வருகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், சும்மா "ஸ்கூலுக்கு வாங்க" என்றால் பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்துகொண்டு வருவார்கள். போன வருஷத் திட்டத்தை முதலில் எடுத்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். கூட்டத்தைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். "கூட்டல் கற்பான்" என்பதெல்லாம் இலக்கே அல்ல. "ஓரிலக்கக் கூட்டல் 10 கொடுத்தால் 8 சரியாகப் போடுவான், டிசம்பருக்குள், வகுப்பாசிரியர் பொறுப்பு" என்று எழுதினால்தான் மூன்று மாதம் கழித்து அளக்க முடியும். கழிவறை, மருந்து, வலிப்பு மாதிரி விஷயங்களைத் தாயுடன் தனியாகப் பேச வேண்டும், அதற்குக் கணக்கு ஆசிரியர் எதற்கு? நகல் ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த ஐ.இ.பி. முறையே அமெரிக்காவில் 1975ஆம் வருஷச் சட்டத்தோடு வந்தது. அங்கே பெற்றோரும் அந்தக் குழுவில் உறுப்பினர், வருஷத்துக்கு ஒரு முறையாவது மறுஆய்வு கட்டாயம். நமக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருந்தால் 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி, அது 31ஆம் பிரிவு. அடையாள அட்டையை ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இதற்கெல்லாம் மருத்துவச் சான்று கேட்பார்கள், அப்போது போய் ஓடக்கூடாது.

பூம்பாறை ரோடு:
ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் பத்து நாள் முன்னதாகச் சொன்னாலும் மன்னவனூரிலிருந்து ஒருவர் கொடைக்கானல் வந்து திரும்ப ஒரு நாள் முழுசாகப் போய்விடும். திட்டத்தை விட பஸ்தான் முக்கியம்.

நான் பிசியோதெரபிஸ்ட். பூம்பாறையில் ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் வகுப்பு, ஒரு கால் பலவீனம். எங்கள் ஃபார்மில் "படி ஏற முழு உதவி தேவை" என்று இரண்டு வருஷமாக எழுதியிருக்கிறது. நானே எழுதியதுதான், பள்ளி வாசற்படியில் வைத்துப் பார்த்து. பூண்டு எடுக்கிற சமயம், அப்பா கையில் மண்ணோடு வந்தார் (நம்ம மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு வந்தது, அதைப் போட்டவருக்கு என்ன வந்தது என்பது வேறு கதை). ஃபார்மை வாசித்துக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் செல்போனை எடுத்தார். படிக்கட்டு வயலில் அந்தப் பிள்ளை ஒவ்வொரு வரப்பாகக் கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, தம்பிக்கு முன்னால் ஏறிப் போகிறாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள்.

"ஸ்கூல் படியில பிடிக்க ஒண்ணும் இல்லைங்க" என்றார் அப்பா.

ஆறாங்கிளாஸ் டீச்சர்:
சின்னதுதான். காது கேளாத பையன், கருவி மாட்டியிருப்பான். கூட்டத்தில் அவனையும் உட்கார வைத்துக்கொண்டோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை. முன்பெஞ்ச் வேண்டுமா, தலையாட்டினான். நோட்ஸ் எழுதிக் கொடுக்கட்டுமா, அதற்கும் ஆட்டினான். எல்லாவற்றுக்கும் ஆட்டினான். "எவ்வளவு ஒத்துழைக்கிறான் பாருங்க" என்று பதிவேட்டில்கூட எழுதினோம். முடிந்து போகும்போது அவன் பாட்டி கேட்டார்: "பேட்டரி தீர்ந்து ரெண்டு வாரமாச்சும்மா, எங்க கிடைக்கும்?"

கோத்தகிரி அம்மா:
ஓய்வு எச்.எம். ஐயாவுக்கு: தனியாகப் பேச வேண்டும் என்றீர்கள், சரி. ஆனால் தாயுடன் என்றீர்களே, அவளுடன் என்று சொல்லவில்லையே? அது அவள் உடம்பு ஐயா. அடுத்த வருஷம் நான் அவளிடம் முதலில் கேட்டேன், யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று. கணக்கு சார் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவர் இருக்கட்டும், எச்.எம். வேண்டாம் என்றாள். எச்.எம். இல்லாமல் எப்படிக் கூட்டம் போடுவது? கடைசியில் கழிவறை விஷயத்தை முதல்நாளே மூன்று பேராகப் பேசி முடித்துவிட்டோம், நானும் அவளும் சிறப்பாசிரியையும்.

ஓய்வு எச்.எம்.:
பதிமூன்று, பதினான்கு வயதில் கேட்கலாம். சின்னப் பிள்ளைகளிடம் கேட்டால் விளையாட்டு பீரியடு மட்டும் போதும் என்பார்கள்.

கோத்தகிரி அம்மா:
அப்போது அவளுக்குப் பன்னிரண்டு ஐயா. அது இருக்கட்டும். தேவாலா சார், அந்தப் பையனுக்கு மறுபடி எழுதினீர்களா?

தேவாலா மழை:
எழுதினேன் அம்மா. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கொழுந்து எடை போட்டு முடித்த பிறகு, அவர்கள் லைன் வீட்டுத் திண்ணையில். அக்காக்காரிதான் எழுதினாள், என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அவன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். எண், எழுத்து என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "ராத்திரி ஆனை வந்தா இவன் கத்துறான் சார். கத்தாம இருக்கச் சொல்லிக்குடுக்க முடியுமா?" என்றார்.

ஃபார்மில் அதற்கு எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. "சமூகத் திறன்" என்பதில் எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

ஓய்வு எச்.எம்.:
அது சமூகத் திறனில் வராது தம்பி. "தன்னைப் பாதுகாத்துக்கொள்ளுதல்" என்று போட்டு அனுப்புங்கள், திரும்பி வராது.