சைகை மொழியை நேரில் கற்றுத்தர நாகர்கோவில் பக்கம் யாராவது?

எம்.ஏ. மொழியியல் கடைசி வருடம், ஊர் தக்கலை. காது கேளாதோர் பண்பாடு பற்றித்தான் ஆய்வேடு, ஆனால் சைகை மொழி இன்னும் கைவரவில்லை. எட்டு மாதமாக டெல்லி இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்களைப் பார்த்துத்தான் படிக்கிறேன், 2021 பதிப்பிலேயே 10,000 சொல், சொல்லுக்குப் பஞ்சமில்லை. போன வாரம் குளச்சலில் காது கேளாத ஓர் அக்காவிடம் "வீடு எங்கே?" என்று சைகையில் கேட்டேன். அவர் தன் புருவத்தைத் தொட்டு, உயர்த்திச் சுருக்கிக் காட்டினார். கை கேள்வி கேட்கிறது, முகம் கேள்வி கேட்கவில்லை என்கிறார். இதை எந்த வீடியோவும் திருத்தித் தராது. கல்லூரியில் விசாரித்தேன், ஆள் இல்லை என்றார்கள். திருவனந்தபுரம் நிஷ்ஷில் (தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்) சைகை மொழிக்கு இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது, ஆனால் படிப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. கட்டணம் தரத் தயார். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஞாயிறுதோறும் நேரில் சொல்லித்தரக்கூடிய, காது கேளாதவர் யாரையாவது தெரியுமா?